வெள்ளெருக்கு எத்தனை மிச்சம்?

கப்பல் ஏறப் போகிற மகனே,

நீ பட்டணத்திலிருந்து போட்ட கடுதாசி நேற்றுத்தான் கைக்கு வந்தது. கனமாக இருக்கிறதே, பிள்ளை இந்தத் தடவையாவது மனம் விட்டு எழுதியிருப்பான் என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பிரித்தேன். அடுத்த மாதம் பம்பாயில் கப்பல் ஏறுகிறாய், சீமையில் குளிர் அதிகமாம், கம்பளிச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாய். இதெல்லாம் சேர்த்து நாலு வரி. "உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்று எனக்கு ஒரு வரி. மிச்சம் அம்புட்டும் எருக்கஞ்செடி. ரோட்டோரத்தில் எத்தனை பூத்திருக்கிறது, ஓடைக்கு உள்பக்கம் எத்தனை, அதில் வெள்ளை எத்தனை மிச்சம், புதுக் கன்று எங்கெங்கே வந்திருக்கிறது, எண்ணி எழுதவும், மறக்க வேண்டாம். மறக்க வேண்டாம் என்பதற்கு அடிக்கோடு வேறு. கடல் தாண்டிப் போகிற பிள்ளை பெற்றவளிடம் கடைசியாகக் கேட்கிற கேள்வி இதுதானா? நம் வீட்டு மாடு கன்று போட்டிருக்கிறது. கிணறு வற்றித் தூர் வாரினோம். எனக்கு முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. இதில் ஒன்றைப் பற்றியாவது எத்தனை என்று கேட்டாயா?

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. உன் மாமா பட்டணம் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ரயிலில் அவர் படித்தாலும் படிக்கட்டும். உன் ஆராய்ச்சி வாத்தியார் படிக்கட்டும், உன் கூடத் தங்கியிருக்கிற பையன்கள் படிக்கட்டும். எருக்கைக் கட்டிக்கொண்டு அழுகிற ஒருத்தனைப் பெற்றவள் எம்புட்டுப் பட்டிருக்கிறாள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் எனக்கு ஒன்றும் குறைந்து போகாது.

நீ இந்தக் கூத்தை ஆரம்பித்த கோடை லீவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் அப்பா போன பிறகு பருத்தியும் கொத்தமல்லியும் நான் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம். பிள்ளை லீவுக்கு வருகிறான், வெள்ளாமைக்கு ஒரு கை ஆகும் என்று இருந்தேன். நீ வந்தாய். நம் பருத்திக்காட்டுக்கும் சிவகாசி ரோட்டுக்கும் நடுவில் கிடக்கிற ஓடைப் புறம்போக்கில் போய் நின்றாய். ஆடுகூட வாய் வைக்காத எருக்கங்காடு அது. வீடு விளங்காமல் போக வேண்டும் என்று சாபம் விடுகிறவர்கள், உன் வாசலில் எருக்கு முளைக்க என்பார்கள். நீ அந்த எருக்குக்கு ஒரு டப்பாவில் பெயிண்டும் குச்சியும் கொண்டுபோய்த் தண்டுக்குத் தண்டு புள்ளி வைத்தாய். பட்டாசு லோடு ஏற்றிப்போகிற லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். உன் மாமா என்னிடம் வந்து, "ஏத்தா, பயலுக்குக் காலேஜில எதுவும் ஆகிப்போச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் என்ன சொல்ல? "படிப்பு" என்றேன். "இதுக்கா படிப்பு?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

லீவு முடிந்து போகும்போது பஸ் படியில் நின்றுகொண்டு, "செடிகளப் பாத்துக்கோங்கம்மா" என்று சொன்னாய். பார்த்துக்கோ என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? பிள்ளையைப் பார்த்துக்கோ, மாட்டைப் பார்த்துக்கோ என்றால் என்ன அர்த்தமோ அதுதான். ஊதாப்பூ எருக்கை எவன் சீண்டப் போகிறான்? வெள்ளைப்பூவுக்குத்தான் ஆபத்து. வெள்ளெருக்கில் வடக்குப் பார்த்து ஓடுகிற வேரை எடுத்துப் பிள்ளையார் செய்வான் ஒருத்தன், அரையில் கட்டுவான் ஒருத்தன், நாரை உரித்துத் திரி போடுவான் இன்னொருத்தன். வடக்கு வேர் எது என்று பார்க்கச் செடியையே தோண்டிப் போட்டுவிடுவார்கள். அதனால் நான் ஆள் விட்டு உடைமரத்து முள் வெட்டி, வெள்ளை ஒவ்வொன்றையும் சுற்றி அடைத்தேன். சிவகாசியிலிருந்து ஒருத்தர் சைக்கிளில் வந்தார். புதுசாகக் கம்பெனி திறக்கிறார்களாம், கல்லாவில் வைக்க வெள்ளெருக்குப் பிள்ளையார் வேண்டுமாம். "எம் மகன் படிப்புக்கு வச்சிருக்கிற செடி, தொட்டீகன்னா இங்கன ரகளையாகிப் போகும்" என்றேன். வெயிலில் வந்த மனுஷன், ஒரு வாய்த் தண்ணி கேட்டுக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார்.

இதையெல்லாம் பெருமையாக உனக்கு எழுதிப் போட்டேன். நீ என்ன பதில் எழுதினாய்? "வேலியை உடனே பிரிக்கவும். ஆராய்ச்சியே கெட்டுவிட்டது" என்று எழுதினாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடிதத்தை அடுப்பில் வைத்தேன். முள் குத்தின கையோடு உட்கார்ந்து வேலியைப் பிரித்தேன். அடைத்தாலும் குற்றம், பிரித்தாலும் வேதனை என்றால் நான் என்னதான் செய்ய வேண்டும்?

அடுத்த லீவுக்கு நீ வந்ததும் அதைத்தான் முதலில் கேட்டேன். நான் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். நீ எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

"அம்மா, பாத்துக்கோன்னா பாக்கணும். அம்புட்டுத்தான். காக்கக் கூடாது. ஊரு வெட்டுதா, வெட்டட்டும். வெட்ட வெட்ட வெள்ளை எம்புட்டு வேகமாக் குறையுதுன்னுதான் நான் பாக்கிறேன்."

"அழியிறதப் பாத்துக்கிட்டு நிக்கவா உன்னைப் படிக்க வச்சேன்?"

"அழியாதும்மா. அதான் விசயமே" என்று முறத்திலிருந்து ஒரு கை உளுந்தை அள்ளினாய். பானையிலிருந்து கொஞ்சம் வெள்ளைச் சோளம் எடுத்துவந்தாய். தரையில் இரண்டிரண்டாக வைத்தாய். "ஒவ்வொரு செடிக்கும் மடியில ரெண்டு மணி இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு தாய்ச்செடி குடுத்தது, ஒண்ணு தகப்பன்செடி குடுத்தது. ரெண்டும் சோளமா இருந்தாத்தான் பூ வெள்ளை. ஒண்ணு உளுந்தா இருந்தாலும் போதும், பூ ஊதா. அந்த ஊதாச்செடி மடியில இன்னொண்ணு சோளமா இருக்கலாம். வெளிய தெரியாது."

அதற்கு நீ இங்கிலீஷில் என்னமோ பேர் சொன்னாய். அது என் வாயில் நுழையவில்லை. நான் மணி என்றே வைத்துக்கொண்டேன்.

"வெட்டுறவன் பூவைப் பாத்துத்தான வெட்டுறான்? மடியைத் திறந்து பாத்தா வெட்டுறான்? வெள்ளைப்பூவ அம்புட்டையும் தோண்டினாலும், ஊதாவுக்குள்ள இருக்கிற சோளத்தை எந்தக் கடப்பாரையாலயும் எடுக்க முடியாது. அப்படி ரெண்டு ஊதா சேந்தா, பெறக்கிற கன்னுல நாலுல ஒண்ணு திரும்ப வெள்ளை. மொதல்ல மடமடன்னு குறையும். குறையக் குறைய, குறையிற வேகமே குறைஞ்சு போகும். ரோட்டோரத்துல ஆளுக கை படுது. ஓடைக்கு உள்ள படுறதில்ல. ரெண்டு எடத்துலயும் மொத்த மணியில சோளம் எத்தனை பங்குன்னு வருசா வருசம் கணக்குப் போட்டா, தேர்வு எம்புட்டுக் கடுமைன்னு தெரிஞ்சிரும். இயற்கைத் தேர்வும்மா."

"மனுசன் கடப்பாரை போட்டுத் தோண்டுறது இயற்கையா?" என்று கேட்டேன்.

நீ சிரித்தாய். "வெட்டுறது மனுசனா, வெள்ளமா, புழுவான்னு செடிக்கு என்ன தெரியும்? பிழைச்சது விதை போடும். பிழைக்காதது போடாது."

விளங்கவில்லை என்று சொல்லமாட்டேன். நன்றாகவே விளங்கியது. கலந்து போட்ட உளுந்தையும் சோளத்தையும் நான்தான் பொறுக்கிப் பிரித்தேன், நீ எழுந்து போய்விட்டாய், அதுவும் விளங்கியது. ஆனால் பிழைச்சது, பிழைக்காதது என்று நீ உளுந்தை நகர்த்துகிற மாதிரி அம்புட்டு லேசாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்னக்கொடியை நீ சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாய். அவள் ஆத்தாவும் அவளும் நம் காட்டில் களை எடுத்தவர்கள். மழை பொய்த்துக் காட்டில் வேலை இல்லாமல் போன வருஷங்களில் தெருவே பட்டாசுக் கம்பெனிக்கு மாறிவிட்டது. காலையில் கம்பெனி லாரி ரோட்டில் வந்து நிற்கும், பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறிப் போவார்கள். அன்னக்கொடி கல்யாணமாகி, ஒரு பெண்ணும் பெற்று, அதே லாரியில் போனாள். பிறகு அவள் தங்கச்சி பேச்சியும் கூடப் போனாள். பேச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டு வாசலில் நின்று, "மாப்பிள்ளைக்கு மீசை இருக்காம், எனக்குப் பிடிக்கல யம்மா" என்று என்னிடமே சொல்லிச் சிரித்த பிள்ளை.

தீபாவளிக்கு முந்தின சீசன். ஆர்டர் நெருக்கடி என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்திருந்தார்கள். நான் காட்டில் நின்றேன். சிவகாசிப் பக்கமிருந்து சத்தம் வந்தது. நமக்குச் சத்தம் புதுசில்லை, சோதனைக்கு வெடிப்பார்கள். இது அப்படி இல்லை, காலுக்குக் கீழே மண் அதிர்ந்தது. பிறகு புகை. அதன் பிறகு தெருவிலிருந்து பெண்கள் ரோட்டைப் பார்த்து ஓடினதைத்தான் பார்த்தேன். அன்னக்கொடி அந்தச் சமயம் தண்ணி குடிக்கத் தொட்டிக்குப் போயிருந்தாள். பேச்சி உள்ளே இருந்தாள். உள்ளே இருந்தவர்களில் ஒருத்தரும் மிஞ்சவில்லை. மேற்கொண்டு எழுத எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கே இதை உனக்கு எழுதினேன், நீ படித்திருப்பாய்.

மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. அன்னக்கொடி அரையில் வெள்ளெருக்கு வேர் கட்டியிருந்தாளாம், அவள் மாமியார் நம் ஓடையில் தோண்டிக் கட்டிவிட்டதாம், அதுதான் அவளை வெளியே இழுத்துப் போட்டதாம். நாரணாபுரத்திலிருந்தும் எம். புதுப்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். காலையில் நான் காட்டுக்குப் போகிறேன், புறம்போக்கு முழுக்கப் பெண்கள், கையில் கடப்பாரை, மண்வெட்டி. என்னைப் பார்த்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"யம்மா, உங்க மகன் புள்ளி வச்ச செடின்னு சொல்லுதாக. நாங்க எடுத்துக்கிடலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் விரல் நுனியெல்லாம் வெடிமருந்து ஏறி வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. நாளைக்கு அவளும் கம்பெனியில் மருந்து அடைக்கிற ஒரு செட்டுக்குள் போய் உட்கார வேண்டும். நான் என்ன சொல்ல வேண்டும் என்கிறாய்? காக்கக் கூடாது என்பது உன் உத்தரவு. உன் உத்தரவு இல்லாவிட்டாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். "எடுங்க" என்றேன். ஒருத்தி மாசமாக இருந்தாள், கடப்பாரையைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கினாள். அவள் கையிலிருந்து அதை வாங்கி, நம் வரப்பை ஒட்டி நின்ற பெரிய வெள்ளையை நானே தோண்டினேன். எருக்கம்பால் பட்டுக் கையெல்லாம் பிசுபிசுத்தது. எனக்கு அந்த வேரில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்காதே. பயந்துபோன ஒருத்தி கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் நீ வந்தாய். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வரவில்லை, ஓடைப் பக்கமாக நடந்து வந்திருக்கிறாய். காலெல்லாம் மண். பையை இறக்கி வைக்குமுன் கேட்டாய்:

"அம்மா, வெள்ளை எத்தனை மிச்சம்?"

"பேச்சி செத்துப் போயிட்டாளே" என்றேன்.

"தெரியும்மா, எழுதியிருந்தீகளே. ஓடைக்கு உள்பக்கமும் வந்தாகளா?"

அகப்பையைக் கீழே போட்டேன். உனக்கென்று சாதம் போட்டு வைத்திருந்த தட்டை எடுத்து உள்ளே வைத்தேன். "எந்திரிலே" என்று உன் கையைப் பிடித்து அன்னக்கொடி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சீமைக்குப் போய்ப் பெரிய மனுஷனாகப் போகிறாய், அதனால் இன்னொரு தரம் சொல்கிறேன். சாவு விழுந்த ஊருக்குள் நுழைகிறவன் முதலில் கேட்க வேண்டியது வேறு. அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இருக்கவும் வேண்டியதில்லை.

அவள் வீட்டில் இருந்தது உனக்கும் மறந்திருக்காது. குடிசைக்குள் பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்னக்கொடி சுவரில் சாய்ந்திருந்தாள். நான் உன்னை அவள் முன்னால் உட்கார வைத்தேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்லுவாய் என்று பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய். அவள்தான் கேட்டாள்.

"சின்னவுக படிச்சவுக. நீங்க சொல்லுங்க. இந்த வேருதான் என்னைக் காப்பாத்துச்சா?"

எல்லாரும் உன்னையே பார்த்தார்கள். நான் உன் முதுகில் கிள்ளினேன். நீ நிமிர்ந்து அவளைப் பார்த்து, "இல்ல" என்றாய்.

அதோடு நீ நிறுத்தவுமில்லை. "நீ தண்ணி குடிக்க வெளிய போனே. அதனால பிழைச்ச. உன் கூட வெளிய நின்னவுகள்ல வேர் கட்டாதவுக உண்டா இல்லையா? உள்ள இருந்தவுகள்ல கட்டினவுக உண்டா இல்லையா?" என்று கேட்டாய். அந்த நேரத்தில் அந்த வீட்டில் உட்கார்ந்து அப்படி ஒரு கேள்வி! பின்னால் இருந்து ஒரு கிழவி மெதுவாக, "எம் மருமக கட்டித்தான் இருந்தா" என்றாள். உள்ளே போனவர்களில் அவள் மருமகளும் ஒருத்தி. அன்னக்கொடி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அவள் அழுதது மாதிரி, பேச்சியை எடுத்துப் போன அன்றைக்குக்கூட அழவில்லை.

வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா உன் படிப்பு குறைஞ்சா போயிரும்?" என்றேன்.

"பொய் சொல்லச் சொல்லுதீகளா?"

"ஆறுதல் சொல்லச் சொல்லுதேன். உனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. செடியோட சேந்து நீயும் செடியாப் போயிட்டே."

நீ மறுநாள் காலையில் போய்க் குழிகளை எண்ணிவிட்டு வந்தாய். மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அதற்கப்புறம் நீ ஊருக்கு வரவே இல்லை. தீபாவளி வரும், பொங்கல் வரும், உன் கடுதாசி வரும். எத்தனை வெள்ளை மிச்சம்?

நீ சொன்னதும் நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. பூவில்லாத நேரத்தில் எது வெள்ளை, எது ஊதா என்று யாருக்குத் தெரியும்? அந்தக் காலையில் பூத்து நின்ற வெள்ளையில் ரோட்டோரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று நான் என் கண்ணால் பார்த்தவள். ஊதா மட்டும் நின்றது. காய் வெடித்துப் பஞ்சு பறந்தது. மழை பெய்தது, கன்று வந்தது. அந்தக் கன்றுகள் தலையெடுத்து மொட்டு விட்ட காலத்தில் நான் காட்டுக்குப் போகிற வழியில் ஒரு சின்னச் செடியில் வெள்ளைப்பூ. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. முன்னை மாதிரி அம்புட்டு இல்லை. ஆனாலும் இருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், பக்கத்தில் நிற்கிறதெல்லாம் ஊதாதான். வரப்பில் நின்றபடியே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஊரில் இல்லாதவன், எட்ட உட்கார்ந்துகொண்டு சொன்னது இங்கே அப்படியே நடக்கிறது, தாய் திரும்ப வா என்று எழுதினால் மட்டும் காதில் விழமாட்டேன் என்கிறது. உனக்கு எழுதினேன். நீ சந்தோஷத்தில் நாலு பக்கம் பதில் போட்டாய். அதற்குள் ஊர்க்காரர்கள் அதையும் பாதி தோண்டிவிட்டார்கள். நான் பார்த்தேன். காக்கவில்லை. உன் வார்த்தைப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தத் தடவை நீ கேட்ட எண்ணிக்கையும் மாமா கையில் தனித் தாளில் வருகிறது. முழங்கால் வலியோடு ஓடைக்கு உள்பக்கமும் இறங்கித்தான் எண்ணியிருக்கிறேன். தப்பு இருந்தால் உன் வாத்தியார் வந்து இறங்கி எண்ணட்டும்.

நான் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்த காரணம் எருக்கு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடி வந்தாள். கம்பெனி லீவு, மல்லி உலர்த்தக் கூடமாட ஒத்தாசைக்கு வந்தாள். "சின்னவுக எப்பம்மா கப்பல் ஏறுதாக?" என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், நான் உன்னைப் பற்றி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டேன். வீட்டை எட்டிப் பார்க்காதவன், கல்நெஞ்சக்காரன் என்று எல்லாம் சொல்லி, "அன்னைக்கு உன் வீட்டுல வந்து உட்காந்து எப்படிப் பேசிட்டான், நீயே சொல்லு. நான் இன்னும் அதை மறக்கல" என்றேன்.

அவள் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"அவுக சொன்ன பெறகுதான் யம்மா நான் தூங்கினேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்க மாமியா எனக்கு வேர் கட்டினது பேச்சிக்குத் தெரியும். எனக்குப் பாதி நறுக்கிக் குடுக்கான்னு கேட்டா. நறுக்கினா அதுக்குச் சத்து போயிரும், உனக்கு அடுத்த மாசம் வேற எடுத்துத் தாரேன்னு சொன்னேன். மறுவாரம் அவ போயிட்டா. ஊரே வந்து, வேருதான் உன்னைக் காப்பாத்துச்சு, நீ புண்ணியவதின்னு சொல்லச் சொல்ல எனக்கு எப்படி இருந்திருக்கும்? குடுத்திருந்தா அவ இருந்திருப்பா. நாந்தான் கொன்னேன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல. கெணத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன் யம்மா. சின்னவுக வந்து இல்லைன்னு சொன்னாக. அந்தக் கெழவி மருமக கட்டியிருந்தும் போனான்னு தெரிஞ்சுச்சு. அப்பந்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. அன்னைக்கு அழுதேனே, அது அதுக்குத்தான்."

இத்தனை நாளும் அவள் தெருவைத் தாண்டும்போதெல்லாம் உன் பேச்சுக்காக நான் கூனிக் குறுகியிருக்கிறேன். அவளோ அந்த ஒரு "இல்ல"யைப் பிடித்துக்கொண்டு பிழைத்து எழுந்திருக்கிறாள்.

அவள் இன்னும் கம்பெனிக்குத்தான் போகிறாள். வேறு வேலை ஏது? அரையில் வேர் இல்லை, அன்றைக்கே அவிழ்த்துவிட்டாளாம். செட்டுக்குள் மருந்தைக் குவித்து வைத்தாலோ, அளவுக்கு மேல் ஆளை நெருக்கி உட்கார வைத்தாலோ, போர்மேனிடம் சண்டைக்கு நிற்கிறாளாம். "வேரு காக்காதுன்னு ஆயிருச்சுல்ல யம்மா, அப்ப நாமதான கண்ணைத் தொறந்து வச்சிருக்கணும்" என்கிறாள். போர்மேனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஆனால் அவள் உட்கார்ந்திருக்கிற செட்டில் இடம் கேட்டுப் பெண்கள் போட்டி போடுகிறார்களாம்.

நீ இதைத் தெரிந்துகொள்ளாமல் கப்பல் ஏறக் கூடாது. அவளை நோகடித்துவிட்டோம் என்றுதான் நீ ஊர்ப்பக்கம் வராமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் பெற்றவள், எனக்குத் தெரியாதா? அதற்காக நீ செய்தது எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்ளாதே. அவளிடம் உண்மையைச் சொன்னது சரி. வீட்டு வாசலில் நின்று வெள்ளை எத்தனை மிச்சம் என்று கேட்டது சரியில்லை. அதற்காக நான் சாதத் தட்டை எடுத்து உள்ளே வைத்தது வைத்ததுதான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. அங்கே போய் நல்லாப் படி. வேளைக்குச் சாப்பிடு. யாராவது எதையாவது கேட்டால் உனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல். சொல்லுமுன் ஒரு தரம் அவர்கள் முகத்தைப் பார். அதற்கு ஒரு நிமிஷம் போதும்.

கப்பல் ஏறுமுன் அன்னக்கொடிக்கு ஒரு கடுதாசி போடு. அவள் பெண் பள்ளிக்கூடம் போகிறது, வாசித்துக் காட்டும். பேச்சியைப் பற்றி எழுது. எங்களுக்குத் தெரியாத எதையாவது நீ சின்ன வயசில் பார்த்திருப்பாய், அதை எழுது. தபால் என் கை தாண்டித்தான் அந்தத் தெருவுக்குப் போகும். பிரித்துப் பார்ப்பேன். அதில் எருக்கு என்று ஒரு வார்த்தை இருந்தாலும் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு எழுதி அனுப்பு என்று சீமைக்கே தந்தி அடிப்பேன்.

அம்மா.